ஒத்திவைக்காத ஆட்டம்

புரட்டாதி 20, சனி

பளை உதைபந்தாட்ட அணித் தலைவன் கந்தையா வியாழக்கிழமையே வந்து கேட்டான். "போட்டிச் செயலாளர் ஐயா, எங்கட ஆக்களில ஆறு பேர் காய்ச்சலில படுத்திருக்கினம். கிளிநொச்சியோட இருக்கிற ஆட்டத்தை ரெண்டு கிழமை தள்ளிப் போடுங்கோ."

"தள்ளினால் மழை வந்திடும். நீங்கள் வராட்டித் தோல்வி எண்டுதான் எழுதுவன்" என்றேன்.

இன்று பளையிலிருந்து ஒன்பது பேர்தான் வந்தார்கள். கோல் காத்த சிவலிங்கத்தின் கண்கள் சிவந்திருந்தன. அதைப் பார்த்தும் ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னேன். இடைவேளைக்குப் பிறகு ஒரு பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கம்பத்தைப் பிடித்தபடி சரிந்தான். எங்கள் கிளிநொச்சி ஆட்கள் அது தெரியாமல் "கோல்! கோல்!" என்று துள்ளிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது அவன் உடம்பு என் கையைச் சுட்டது. கந்தையா என்னைத் திட்டவில்லை. "தோல்வி எண்டு எழுதட்டும் எண்டு விட்டிருக்கலாம். நான்தான் மானம் பார்த்திட்டன்" என்று தன்னையே நொந்துகொண்டான். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மிச்ச ஆட்டங்களை நிறுத்துவதாக எல்லா அணிகளுக்கும் கடிதம் எழுதிவிட்டேன். ஐந்தே வரி. வியாழக்கிழமை இதை எழுத எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

சிவலிங்கத்தைப் பற்றி எதையும் காலையில்தான் சொல்லலாம் என்கிறார் டாக்குத்தர்.