தகவல்: கோணேஸ்வரன் (தந்தை)

பிராண்டே,
01.02.2026, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு நண்பன் கோணேஸ்வரனுக்கு,

சிவானந்தன் எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்து, மகள் சுஜீதா வீட்டில் பேரப்பிள்ளைகளோடு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் விமலராணியும் சுகம். அவளுக்குத் தோள்மூட்டு மட்டும் இன்னும் சரியாகவில்லை. வயோதிபர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கித் தூக்கி வந்த வருத்தம், இனி அவளோடுதான் இருக்கும் போல.

கையில் தொலைபேசி இருக்க இந்த மனிசன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பாய். தொலைபேசியில் உன் மகன் ஜதுர்சனின் பெயரை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். புதுவருடத்தன்று அரைப் பெயர்தான் சொன்னேன், மிச்சத்தை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. இந்த நாட்டில் சிவப்புத் தபால் பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், ஆகவே வியாழக்கிழமை என் மகள் நிறோஷினி வேலை விஷயமாகக் கொப்பன்ஹேகன் வரும்போது புரொண்பியில் சுஜீதா வீட்டுக்கு வந்து உன் கையில் தருவாள். அவள் முன்னால் கிழித்துப் போடாதே. உன்னைப் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை.

ஜதுர்சனுடைய பியர் கொம்பனி நீ நினைப்பதைவிடப் பெரிதாகிவிட்டது. பிராண்டேக்கு வெளியே வெறுமையாகக் கிடந்த பழைய பால் தொழிற்சாலையில் அவனும் பள்ளிக்கூடத் தோழன் யோனஸும் இரண்டு பானைகளோடு தொடங்கியபோது நீயும் நானும் எவ்வளவு பகிடி பண்ணினோம்! இப்போது பதினெட்டுப் பேருக்கு வேலை. சுவீடனுக்கும் ஜெர்மனிக்கும் போகிறது. எங்கள் அந்தோனிதாசன்கூடப் பழைய வேலையை விட்டுவிட்டு அங்கேதான் போத்தல் பகுதியைப் பார்க்கிறார்.

எல்லாம் ருசியால் வந்தது என்று சொன்னால் பொய். ஒருநாள் குடித்துப் பார்த்தேன், விமலராணிக்குத் தெரியாது. கசாயம். ஆட்களைச் சீண்டிச் சீண்டியே வளர்ந்த கொம்பனி அது. முதலில் பஸ் தரிப்பிடங்களில் "இது உங்களுக்குப் பிடிக்காது, வாங்காதீர்கள்" என்று ஒட்டினார்கள். சனம் வாங்கியது. பிறகு ஒரு சுவரொட்டி எல்லை மீறிவிட்டது, எடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவையே அடுத்த போத்தலில் அச்சடித்து ஒட்டினார்கள். அது இரண்டு மடங்கு போனது. அதற்குப் பிறகு உன் மகனுக்குப் பயம் விட்டுப்போய்விட்டது.

பிறகு வந்ததுதான் 'நிராகரிப்பு' பியர். உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாமல் தாண்டிப் போகவும் முடியாது. 1987இல் உன் முதல் அகதி விண்ணப்பத்தை மறுத்து வந்த கடிதத்தை உன் மனிசி சின்னமணி அலுமாரியில் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள். அவளுடைய செத்தவீட்டுக்குப் பிறகு ஜதுர்சன் அதை எடுத்து, உன் பெயரோடும் பிறந்த திகதியோடும் அப்படியே போத்தலில் போட்டான். 'விண்ணப்பதாரர் சொல்வதை நம்ப முடியவில்லை' என்ற வரி மட்டும் பெரிய எழுத்தில். பத்திரிகைகள் தைரியம் என்று எழுதின. நீ சுப்பர்மார்க்கெட்டில் வெறும் போத்தல் திருப்பிக் கொடுக்கிற மெஷினுக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவனின் பைக்குள் உன் பெயர் கிடந்ததைக் கண்டாய். அந்தக் கடிதம் வந்த அன்று முகாமில் உடுப்புத் தோய்க்கிற அறையில் நீ அழுததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். உன் கோபம் பிழை என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் அவன் உன்னை அவமானப்படுத்தச் செய்யவில்லை, கோணேஸ். "அப்பாவை நம்பாத ஆக்கள் இப்ப வரிசையில நிண்டு அப்பான்ரை பேரை வாங்கினம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான். எவ்வளவு மொக்கன் பார்.

ஆவணியில் யோனஸ் விலகிவிட்டான். பியர் வடிக்கத் தெரிந்தவன் அவன்தான், சீண்டத் தெரிந்தவன் உன் மகன். ஒவ்வொரு முறையும் முந்தினதைவிடப் பெரிதாக ஏதாவது செய்தால்தான் சனம் திரும்பிப் பார்க்கிறது, இவன் எங்கே நிற்பான் என்று தெரியவில்லை என்று யோனஸ் கடையில் கண்டபோது சொன்னான். நான் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் ஒரு தமிழர் கண்ணை மூடினால் முதல் அழைப்பு ஐயருக்கோ பாதருக்கோ போகும், இரண்டாவது எனக்கு. 'பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, மாமன் மச்சான் ஒருவரையும் விடாமல், ஒருவருக்கும் மனம் நோகாமல் மரண அறிவித்தல் எழுத சிவானந்தனை விட்டால் ஆளில்லை என்று சனம் சொல்லும். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம்தான். சின்னமணிக்கும் நான்தான் எழுதினேன்.

மார்கழியில் ஒரு பின்னேரம் ஜதுர்சன் அந்த அறிவித்தலோடு வீட்டுக்கு வந்தான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு சொல்லாகக் கருத்துக் கேட்டான். 'அன்னார்' என்றால் என்ன, 'பாசமிகு தாயாரும்' என்பது தன்னைக் குறித்தா என்றெல்லாம் கேட்டான். பிறகு தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றான். "ஒரு பகிடிக்குத்தான் சித்தப்பா, புதுப் பியருக்கு. உங்களைப்போல வேற ஆர் எழுதுவினம்?" அந்தக் கடைசி வசனத்தில்தான் நான் விழுந்தேன். விமலராணி குசினி வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள், உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு எழுதாதீர்கள் என்று. அவளுக்கு மூடநம்பிக்கை பற்றி ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு, இருந்து வடிவாக எழுதிக் கொடுத்தேன். காலமான திகதி கேட்டேன். பியர் வெளிவரும் நாளைப் போடச் சொன்னான். 07.02.2026. வருகிற சனிக்கிழமை.

இப்போது அது கறுப்புக் கரையோடும் அவனுடைய சிரித்த படத்தோடும் பிராண்டே முழுக்க ஒட்டியிருக்கிறது. ஓல்போர்க்கில் துறைமுகப் பக்கம் ஒரு வீட்டளவு உயரத்தில் நிற்கிறதாம். டெனிஷ்காரர் எழுத்து வடிவாக இருக்கிறது என்று பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். எங்கள் சனத்துக்குத்தான் வாசிக்கத் தெரியுமே. முகாமில் எங்களோடு இருந்த மேரிகிறேஸ், யாரோ அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, கனடாவிலிருந்து அழுதபடி தொலைபேசி எடுத்தாள். பகிடி என்று விளங்கப்படுத்திய பிறகு என்னை ஏசினாளே ஓர் ஏச்சு, அது முழுக்க எனக்குத் தகும். உன்னிடம் ஒருவரும் வாய் திறந்திருக்கமாட்டார்கள், உன் கோபத்துக்குப் பயம்.

சனிக்கிழமை மத்தியானம் அவன் பால் தொழிற்சாலையின் நிலவறையில் ஒரு சவப்பெட்டிக்குள் படுக்கப்போகிறான். ஆறாயிரம் போத்தல். கடைசிப் போத்தல் விற்றுமுடிந்தால்தான் மூடியைத் திறப்பார்களாம். உலகம் முழுக்க இணையத்தில் நேரடியாகப் பார்க்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் கூத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். விமலராணி சாப்பிடக் கூப்பிடுகிறாள், மிச்சம் பிறகு.

புதன்கிழமை.

கோணேஸ், ஞாயிறு எழுதியதை வாசித்துப் பார்த்தேன். கூத்து என்று எழுதியிருக்கிறேன். அதை வெட்டாமல் விடுகிறேன், நான் எவ்வளவு குருடனாக இருந்தேன் என்று நீ பார்க்கட்டும்.

இன்று காலை பால் தொழிற்சாலைக்குப் போனேன், அறிவித்தலைக் கழற்றச் சொல்லி ஜதுர்சனைக் கேட்க. நிலவறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். முன்பு வெண்ணெய் வைத்த இடம், ஜன்னல் இல்லை. நான்கு திறந்த தொட்டிகளில் பியர் நுரைத்துப் பொங்கிக்கொண்டிருந்தது. நடுவில், வெறும் தரையில், பெட்டி. சுற்றிவர மெழுகுதிரி வைத்திருந்தார்கள். படம் பிடிக்கிற டெனிஷ் பெட்டை ஒவ்வொன்றாகக் கொளுத்தினாள். அவை அணைந்தன. திரும்பக் கொளுத்தினாள், திரும்ப அணைந்தன. காற்றடிக்கிறது என்றாள். அந்த அறையில் ஒரு பொட்டுக் காற்று இல்லை. குனிந்து எழும்பியவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பிறகு யாரோ கடைக்குப் போய் பற்றரியில் எரிகிற மெழுகுதிரி வாங்கி வந்து வைத்தார்கள். பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோருக்கும் சந்தோசம்.

இருபத்தெட்டு வருடத் தொழிற்சாலை வேலையில் பாதுகாப்பு வகுப்புகளில் நான் நித்திரை கொண்டதுதான் அதிகம், உனக்குத் தெரியும். ஆனால் மூடிய இடத்தைப் பற்றிச் சொன்னது மறக்கவில்லை. பியர் புளிக்கும்போது வருகிற வாயு காற்றைவிடப் பாரம். கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு கிடக்கும். நிற்கிறவனுக்கு ஒன்றும் செய்யாது. படுத்தவன் எழும்பமாட்டான். மார்கழியில் அந்தோனிதாசன் அதே இடத்தில் ஏதோ எடுக்கக் குனிந்து அப்படியே விழுந்தார். பிரஷர் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாயுவை அளக்கிற கருவி இருக்கிறது என்று உன் மகன் காட்டினான். அது என் நெஞ்சு உயரத்தில் சுவரில் தொங்குகிறது. காற்றை இழுத்து வெளியே தள்ளுகிற மின்விசிறியும் இருக்கிறது. சனிக்கிழமை அதை நிறுத்திவைப்பார்களாம், சத்தம் ஒலிப்பதிவைக் கெடுக்கிறதாம்.

சொன்னேன். கத்தியும் சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்து, "பயம் இருந்தாத்தான் சித்தப்பா ஆக்கள் பாப்பினம்" என்றான். நிறோஷினி வேலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எழுதிவிட்டாள். கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது, நாளைக் காலை தொலைபேசியிலும் எடுப்பாள். அவர்கள் வந்து தடுத்தால் அந்த உத்தரவு அடுத்த போத்தலில் வரும், தான் பூட்டை உள்ளே போட்டுக்கொண்டு படுப்பேன் என்கிறான். சனிக்கிழமை நான் வாசலில் நிற்பேன். ஆனால் நான் கத்தினால் அதையும் படம் பிடிப்பார்கள், விளம்பரத்துக்கு ஒரு கிழவனையும் பிடித்திருக்கிறார்கள் என்று சனம் கைதட்டும்.

வெளிக்கிடும்போது ஒரு போத்தலைக் கையில் தந்தான். சுவரொட்டியில் மேல்பகுதி மட்டும்தான், போத்தலில் முழு அறிவித்தலும் இருக்கிறது. நான் எழுதியதில் அடியில் 'தகவல்: குடும்பத்தினர்' என்றுதான் இருந்தது. இப்போது 'தகவல்: கோணேஸ்வரன் (தந்தை)' என்று இருக்கிறது, பக்கத்தில் உன் தொலைபேசி இலக்கம். அந்த வரி அச்செழுத்து இல்லை, கையெழுத்து. உன் பெயரை எங்கோ பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக வரைந்திருக்கிறான். 'ஸ்'ஸின் மேல் குற்று இல்லை.

ஏனடா இது என்று கேட்டேன். அப்போதுதான் அவன் முகத்தில் சிரிப்புப் போனது. டெனிஷில் மெதுவாகச் சொன்னான். நான் தொலைபேசி எடுத்தால் அப்பா எடுக்கமாட்டார், வேறு ஆட்கள் எடுத்தால் எடுப்பார்தானே, துக்கம் கேட்கிற ஆட்களிடம் அவர் என் பெயரைச் சொல்லத்தான் வேண்டிவரும் என்றான். அம்மாவின் துக்கம் கேட்டு அழைப்புகள் வந்தபோது ஒவ்வொருவரிடமும் அவர் எவ்வளவு நேரம் கதைத்தார் என்றான்.

அவன் அந்தப் பெட்டிக்குள் படுப்பது பியர் விற்க இல்லை, மச்சான். தமிழ் தெரியாத பிள்ளை, எங்கள் ஆட்கள் எந்த நேரத்தில் எல்லாக் கோபத்தையும் விடுவார்கள் என்று பார்த்து வைத்திருக்கிறான். அதைத்தான் அவனுக்கு நாங்கள் படிப்பித்திருக்கிறோம். நினைக்க வெட்கமாக இருக்கிறது.

நிறோஷினி வெள்ளி காலை திரும்புகிறாள். காரில் இடம் இருக்கிறது. மூன்று மணித்தியாலம், முழங்காலை நீட்டிக்கொண்டு வரலாம். அந்த மறுப்புக் கடிதத்தைப் போத்தலில் போட்டதை மன்னிக்கச் சொல்லவில்லை. வந்து ஏசு. அவன் கன்னத்தில் ஒன்று போட்டாலும் நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். உன் குரலில் அவன் பெயர் அவன் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். வரமுடியாவிட்டால் இந்தக் கடிதத்தை வைத்த கையோடு அவனுக்குத் தொலைபேசி எடு. சுஜீதாவிடம் இலக்கம் இருக்கிறது.

கோணேசப் பெருமான் உன் மனதை இளக்கட்டும், அந்தப் பிள்ளைக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நீ வந்தால் அவன் அதற்குள் படுக்கமாட்டான், அது எனக்கு நிச்சயம். வராவிட்டால் என்ன நடக்கும் என்பதை இங்கே எழுதமாட்டேன். அதை ஏற்கெனவே ஒருமுறை என் கையால் எழுதிவிட்டேன்.

உன்னை வாசலில் பார்த்திருக்கும்,
சிவானந்தன்