உடைந்ததைச் சொல்லவில்லை

என் ஆசைத் தம்பி செல்வத்துக்கு,

ஆரப்பாளையத்திலிருந்து எழுமலைக்குப் போகும் உன் பஸ்ஸை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். நல்ல மனுஷன்தான். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உன் முகம் உப்பி, பிரஷர் எகிறியபோதுதானே ஸ்கேன் எடுத்தோம்? சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் பெரிய கட்டி. அபூர்வமான புற்றுநோயாக இருக்கலாம் என்ற டாக்டர், அதே மூச்சில், "வயித்தைக் கிழிக்க வேணாம். சின்ன ஓட்டை போட்டு எடுத்துரலாம். சீக்கிரமே வண்டி ஓட்டலாம்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் நீ விழுந்துவிட்டாய். "தழும்புகூடத் தெரியாதாம்க்கா" என்று சிரித்தாய். வேறு வழி உண்டா என்று ஏன்டா கேட்கவில்லை? கேட்க வேண்டும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

அப்படியே ஆபரேஷன் நடந்தது. வருஷம் திரும்புவதற்குள் வயிறு முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, முதல் டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்து என்னைத் தனியாக உட்காரவைத்தார்.

"எடுக்கும்போது கட்டி உடைஞ்சிருக்கும்மா. உள்ள சிந்திருக்கு. இம்புட்டுப் பெரிய கட்டின்னா, வயித்தைத் திறந்து உறையோட முழுசா எடுக்கிறதுதான் பாதுகாப்பு."

"அப்படி எடுத்திருந்தா பொழச்சிருப்பானா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. வாய்ப்பு கூட இருந்திருக்கும்."

அந்த வாய்ப்பு உன்னுடையது, செல்வம். உன்னைக் கேட்காமலே அதை எடுத்துக்கொண்டார்கள்.

உன் காரியம் முடிந்ததும் ஆபரேஷன் செய்த அந்த ஆளைப் பார்க்கப் போனேன். "உடைஞ்சதை ஏன் சொல்லல?" என்றேன்.

"எந்த டாக்டருக்கும் நடக்கக்கூடியதும்மா. சொன்னா பயந்திருப்பாரு."

"இப்ப பயமில்லாமத்தான்யா கிடக்கான்!" என்று நான் கத்தியதில் வெளியே காத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் மணியடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறேன். உன் பெண்டாட்டி மலர், "போன உசுரு வருமா மதினி? விடுங்க" என்று அழுகிறாள். அவள் மேலும் கோபம் வருகிறது. பிறகு அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுகிறேன்.

கட்டி உடைந்தது கைத்தவறு என்றால், என்றாவது மன்னித்துவிடுவேனோ என்னவோ. இரண்டு வழி இருந்ததை மறைத்தார்களே, உடைந்ததை மறைத்தார்களே, அதை எப்படிடா மன்னிப்பது?

விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். போவேன். எத்தனை தடவை அலையவிட்டாலும் போவேன். ஆபரேஷனைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரே ஒரு பதில்தான் வைத்திருக்கிறேன்.

நான்
உன் அக்கா.