கணுக்காலில் எட்டு மில்லியாம்பியர்

நாள் 12, 07:10
நிலா, தென்துருவ நிலையம். பொறுப்பில் இருப்பது நான் ஒருவன்: தணிகைவேல், பொறியாளர், வயது நாற்பத்தொன்று. காற்றழுத்தம் சரி. சூரியத் தகடுகள் சரி.
டாக்டர் ரெஜினா பூமியிலிருந்து சொன்னபடி சிகிச்சையையும் இதிலேயே எழுதுகிறேன். முதுகுத்தண்டு அறுவைக்குப் பிறகு இரண்டு வருடமாக எனக்கு விறைப்பு இல்லை. இடது கணுக்காலில் மின்முனை ஒட்டி நரம்பைத் தூண்ட வேண்டும். எட்டு மில்லியாம்பியர். தினம் அரை மணி நேரம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நாள் 19, 07:40
மாற்றமில்லை.
என் மனைவி செண்பகவல்லியிடம் இதைப் பேசியதே இல்லை. அவள் தூங்கும்வரை வேலை இருப்பதாக நடிப்பேன். இந்த ஆறு மாதத் தனிப் பணிக்கு நானேதான் கை தூக்கினேன்.

நாள் 26, 08:05
மின்னோட்டத்தைப் பதினைந்துக்கு ஏற்றினேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

நாள் 31, 06:50
விழித்தபோது விறைப்பு. நான்கு நிமிடம். அழுதுவிட்டேன். அவளுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். பதில் வந்தது:
"ஏங்க, இதுக்காகவா நிலா வரைக்கும் ஓடுனீங்க? சொல்லியிருந்தா கடிச்சா தின்னுருப்பேன்? வேற யாரோ இருக்காங்கன்னு நெனச்சு ரெண்டு வருஷம் அழுதிருக்கேன்."

நாள் 34, 09:15
மறுபடி வரவில்லை. இருபத்திரண்டு. தினம் மூன்று வேளை.

நாள் 38, 11:00
டாக்டர்: "தணிகைவேல், கால் மரத்துப்போகுதா? மறைக்காம சொல்லுங்க."
இல்லை என்று அனுப்பினேன். பிறகு பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

நாள் 41, 15:20
தகடுகளில் தூசி. வெளியே மூன்று மணி நேரம் துடைத்தேன். திரும்பி வந்து விண்வெளி உடையைக் கழற்றினால், இடது காலணியின் சூடேற்றி நின்றிருக்கிறது. எப்போது நின்றதென்று தெரியாது. விரல்கள் மெழுகு மாதிரி வெள்ளை.

நாள் 43, 10:30
விரல்கள் கறுத்துவிட்டன. கூப்பிட்டால் மீட்புக் கலம் ஐந்து நாளில் வந்துவிடும். ஆனால் டாக்டர் இந்தப் பதிவைப் பார்ப்பார். கருவியை நிறுத்திவிடுவார். நாளைக்குக் கூப்பிடுகிறேன்.

நாள் 44, 06:40
விறைப்பு. பதினொரு நிமிடம்!

நாள் 46, நேரம் பார்க்கவில்லை
காய்ச்சல். நாற்றம். கறுப்பு கணுக்காலைத் தாண்டிவிட்டது.
நான் அனுப்பிய காணொளியைப் பார்த்துச் செண்பகம் கேட்டாள்: "மொகமே சரியில்ல. மறுபடி எதையாவது மறைக்கிறீங்களா?"
"தூக்கமில்ல, அவ்வளவுதான்" என்று அனுப்பினேன்.
மின்முனையை எடுத்தால் தோலும் சேர்ந்து வருகிறது. இடது காலில் இனி ஒட்ட முடியாது.
வலது காலில் ஒட்டியிருக்கிறேன். இருபத்திரண்டில்—