எட்டு எழுத்தோடு நின்ற என் பெயர்

சித்தையன்கோட்டை
14.8.1996

அன்பு மகன் அழகுராஜாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், புனேயில் மழை விடாமல் பெய்கிறதாமே, நீ நனையாமல் வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறோம். முதலில் ஒரு விஷயம், கோபப்படாதே. போன மாதம் திண்டுக்கல்லில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது, லீவு போட்டு ஓடிவருவாய் என்றுதான் சொல்லவில்லை. இப்போது தோட்டம் வரை நடக்கிறேன்.

பென்சிலின் எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும், நீ ஏழாவது படிக்கும்போது அந்த ஊசியால்தான் உடம்பெல்லாம் தடித்து மூச்சடைத்தது. ஆஸ்பத்திரிக்கு முதலில் போன அன்றே அதைச் சொன்னேன், நர்கீஸ் என்கிற பெண் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டாள். ஆபரேஷன் அன்று தூக்க மாத்திரை கொடுத்திருந்ததால் எனக்குக் கண் சொருகிவிட்டது, நடந்ததை அம்மாதான் சொன்னாள். நர்ஸ் கையில் இருந்த பிரிண்டில் எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளும் என்று இருந்திருக்கிறது, பென்சிலினை ஊசியில் ஏற்றியும் விட்டார்கள். அந்த நேரம் பிரிண்டில் ஊர் மாறியிருப்பது தெரிந்து நர்கீஸ் ஓடிவந்து, "ஊசி போடாதீங்கக்கா, இது பாலசமுத்திரத்துக் கருப்புசாமி தாளு, இவரு சித்தையன்கோட்டைக்காரரு" என்று நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாளாம்.

அந்த மிஷின் ஒரு ஃபைலுக்கு எட்டு இங்கிலீஷ் எழுத்துத்தான் பெயராக வைத்துக்கொள்ளுமாம். எனக்கும் பாலசமுத்திரத்துக்காரருக்கும் ஒரே பெயர், கருப்புசாமி என்று அடித்துக் கடைசியில் இனிஷியல் போட்டால், 'கருப்புஸ்' வரைக்கும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடுமாம். அதனால் அவர் ஃபைல் என் ஃபைல் மேலேயே உட்கார்ந்து என்னுடையது அழிந்துபோயிற்று. மிஷின் மேல் பழி போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவளோ டாக்டரிடம் போய், "நாந்தான் சார் கவனிக்காம அடிச்சிட்டேன், இன்னும் எத்தன பேருக்கு இப்பிடி ஆகியிருக்கோ" என்று சொல்லியிருக்கிறாள். அதோடு விடவில்லை. பழைய நோட்டுகளை எடுத்து, ஒவ்வொருவருக்கும் பெயருக்குப் பதில் நம்பர் போட்டு, பதினெட்டு நாளில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றியிருக்கிறாள். என்னைப் போல இன்னும் ஆறு பேர் அழிந்திருந்தார்களாம், நோட்டில் மருந்து விவரம் இல்லாததால் வீடு வீடாக ஆள் அனுப்பி விசாரித்து எழுதினார்கள். இருபத்திரண்டு வயசுதான் இருக்கும், அம்புட்டுப் பொறுப்பு. தையல் பிரிக்கப் போனபோது கையெடுத்துக் கும்பிட்டேன், கூச்சப்பட்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மா உனக்குப் பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள், பார்சல் வரும். வெளிச் சாப்பாட்டைக் குறை. கண்ணுக்கும் ஓய்வு கொடு. நீ நல்ல பெயரோடு நீண்ட நாள் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

மறந்துவிடாதே, நீ புரோகிராம் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் நர்கீஸ் ஒன்று கேட்டாள், "ஒண்ண அழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேக்குற மாதிரி அண்ணன் எழுதமாட்டாங்களாய்யா?" என்று. உன்னிடம் கேட்கிறேன் என்றேன். பதிலை அவளுக்கே எழுது.

இப்படிக்கு,
உன் அப்பா
மூ. கருப்புசாமி