அண்ணனுக்கு ஒரு புத்தகம்

செவ்வாய், இரவு. மழை விடவில்லை.

நான் வேலை பார்க்கும் சிதம்பரம் நூலகத்தின் எழுத்தாளர் பட்டியலில் வீ. தணிகாசலம் என்ற பெயருக்கு இரண்டு பதிவுகள் இருந்தன. ஒரே தகப்பன் பெயர், ஒரே ஊர் கீரப்பாளையம். பின்னட்டைகளில் போட்டிருந்த பிறந்த வருடம் மட்டும் நான்கு வருடம் தள்ளி இருந்தது. முந்தைய வருடத்தின் கீழ் ஒரே ஒரு கவிதைப் புத்தகம், பிந்தையதன் கீழ் ஒன்பது. ஆள் ஒருவர்தான் என்றால் பதிவும் ஒன்றுதான் இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் கேட்டுவிடலாம் என்று மத்தியானம் அவருக்குப் போன் செய்தேன். இப்போது முதுநகரில் இருக்கிறார்.

"மொதல்ல இருக்கறது எங்க அண்ணன்மா. மூணு வயசுல வாய்க்கால்ல உழுந்து செத்துப் போயிட்டான். அடுத்த வருசம் நான் பொறந்தேன். அவன் பேரையே எனக்கு வச்சிட்டாங்க."

"அப்ப அந்தப் புத்தகத்தையும் நீங்கதானே சார் எழுதுனீங்க?"



"கை என்னுதுதான். எழுதுனது நான் இல்ல. ரெண்டையும் சேத்துடாதீங்கம்மா, அவனுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்."

கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று எரிச்சலோடுதான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எல்லாக் கவிதைகளும் தண்ணீருக்கு அடியிலிருந்து மேலே பார்க்கின்றன. ஒன்றில், கரையில் ஓடும் அம்மாவின் பாதங்கள் மட்டும் தெரிகின்றன.

பதிவுகளைச் சேர்க்கவில்லை. அண்ணனின் பதிவில் பிறந்த வருடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு இருக்கிறது. அதற்கு அப்புறம் இறந்த வருடத்தைப் போட வேண்டும். கணக்குப் பார்த்தால் அது எனக்குத் தெரியும். ஆனால் போட்டுவிட்டால் அந்தப் பிள்ளையால் இனி எழுத முடியாது என்று தோன்றியது. காலியாகவே விட்டுவிட்டு வந்தேன்.