உருவி எடுத்த ஆறு வாரம்

ஓசூர் மாட்டுப் பண்ணை,
4-6-1956

அன்புள்ள சரோஜம்மாளுக்கு,

வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைச் சேர்த்து, தைத்துப் படிக்கும்படி நம் மகள் காவேரிக்கு அனுப்பினேன். தைக்கும்போது உன் தம்பி முனிவேல் ஆறு வாரத்தை உருவிவிட்டான். இது அநியாயம்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? என் காலைச் சீமைப் பசு மிதித்துவிட்டது. வீக்கம் வடிந்து நடக்கிறேன்.

முனிவேல் நேற்று இங்கே வந்து, "காதலாவது கத்திரிக்காயாவது! நான்தான் உருவிப்போட்டேன் மாமா" என்று சிரிக்கிறான். காவேரியோ, தனக்கு வந்த வரனைப் பற்றி, "கதையில அந்தப் பொண்ணே உடனே தலையாட்டிட்டா, நானும் ஆட்டிட்டேன்பா" என்று எழுதியிருக்கிறாள்.

அந்தப் பெண் உடனே தலையாட்டவில்லை. ஆசிரியர் பயிற்சி முடியட்டும் என்றாள். தோழி துணை நின்றாள். மாப்பிள்ளை காத்திருந்தான். கடிதம் எழுதி எழுதியே இருவருக்கும் பிரியம் வளர்ந்தது. இவ்வளவும் அந்த ஆறு வாரத்தில்தான் வருகிறது. நம் பெண்ணுக்கும் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறதே!

பழைய காகிதக் கடையில் ஐந்து வாரம் கிடைத்தது. ஆறாவதை இரவல் வாங்கி என் கையால் எழுதி, ஆறையும் இத்துடன் வைத்திருக்கிறேன். பிழை இருந்தால் காவேரி திருத்திக்கொள்ளட்டும். இப்படி ஒரு நல்ல கதை வேறு கிடையாது.

மாங்காய் ஊறுகாய் அனுப்பு. கூடவே காவேரியை நாலு வரி எழுதச் சொல். இங்கே கதை பேச ஆளில்லை.

தபால்காரர் நிற்கிறார். காவேரி ஆறு வாரத்தையும் படித்துவிட்டுத் தன் முடிவைச் சொல்ல வேண்டும். அதுவரை மாப்பிள்ளை வீட்டாரை நீ பொறுக்கச் சொல்ல வேண்டும். முனிவேல் தையலைப் பிரித்து, உரிய இடத்தில் வைத்துத் தைக்க வேண்டும். தைக்கும் முன் அவனும் படிக்க வேண்டும்.

திம்மப்பன்