நாலு குடித்தன வீடு

மார்ச் 3, ஞாயிறு
வாங்கி வாடகைக்கு விடுவதற்காக இரண்டு வீடுகள் பார்த்தோம். ஒன்று தனி வீடு. ஒரு குடும்பம், ஒரே சாவி. எனக்கு அதுதான் பிடித்தது. மற்றது மாடிக் கட்டடம். கீழே இரண்டு, மேலே இரண்டு. என் கணவருக்கு அதன்மேல்தான் கண்.

"தனி வீடு காலியானா மொத்தமும் போச்சு. இங்க ஒண்ணு போனாலும் மத்தது இருக்கும்ல?"

வாஸ்தவம்தான். ஆனால் நாலில் ஒன்றில் நாமே குடியிருந்து பார்த்துக்கொள்ள வேண்டுமாம். பார்த்துக்கொள்ளப் போவது யார்?

மார்ச் 9
முன்பணம் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறார். என் சேமிப்பும் அதில்தான்.
"உன்கிட்ட கேட்டா இழுத்துக்கிட்டே இருப்ப."
கேட்டால்தானே இழுப்பதற்கு!

ஜூன் 14
குடிவந்து பத்து நாள். கண் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க "இந்த எழுத்து தெரியுதா?" என்று கேட்டுவிட்டு வந்தால், படியிலேயே மூன்று பேர். தண்ணி ஏறல. மேல குழந்தை குதிக்குது. யாரோ செருப்பை இடம் மாத்தி விட்டுட்டாங்க. இவர் டிவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "நீ பேசினா கேப்பாங்க. நீயே பேசிடு."

ஜூலை 2
குளிக்கும்போதும் தட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 20
அக்கா போனில், "மாசம் பொறந்தா வாடகை வருது. உனக்கென்னடி குறைச்சல்?" என்றாள்.

என்ன குறைச்சல்? சொல்லத் தெரியல. மூச்சு முட்டுது. ஒரு மூலையில நான் பாட்டுக்கு உக்காந்திருக்கணும் — யாரும் கூப்பிடாம. அவ்வளவுதான். இது பேராசையா?

அக்டோபர் 5
மாடியில் இருந்த தையல்காரர் காலி செய்துவிட்டார். 'வீடு வாடகைக்கு' என்று அட்டை எழுதச் சொன்னார் இவர். நான் எழுதவில்லை.

"நானே எடுத்துக்கறேன். என் சம்பளத்துல வாடகை தந்துடறேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் முகம் மாறியது.

"நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"பேசட்டும். வந்து கதவைத் தட்டாம இருந்தா சரி."

அக்டோபர் 11
இன்று மேலே முதல் சமையல். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பதென்று கை அறியவில்லை, கூடிப்போயிற்று. மிச்சத்தைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு இறங்கினேன். படியில் நின்று, தண்ணீர் மோட்டாரைப் பற்றி இரண்டு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் இவர். என்னைத் திரும்பிப் பார்த்தார். பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.